வெயில் பட்டால் விழிக்கும் விதை

ஆனி பிறந்து, மேற்கே மலையில் மேகம் இறங்கி, தென்காசிக் கோபுரத்தின் மேல் சாரல் தூவ ஆரம்பித்துவிட்டால் குற்றாலத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். அருவியில் நின்று தலையைக் காட்டிவிட்டு, ஈர வேஷ்டியோடு கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் மூன்று சாமான்களை விசாரிக்காமல் ஊர் திரும்புவதில்லை. ஒன்று மங்குஸ்தான், ரம்புட்டான் போன்ற பழங்கள், இரண்டாவது நேந்திரங்காய் சிப்ஸ், மூன்றாவது மூலிகை.

மூலிகைக் கடையில் வேர், பட்டை, கடுக்காய், சந்தனக் கட்டை இவற்றுக்கு நடுவே ஒரு சிறு விதையும் குவிந்திருக்கும். உளுந்து அளவு, கறுப்பு நிறம், ஒரு பக்கம் சப்பை, மூக்கருகே கொண்டுபோனால் காரமான வாடை. அதுதான் கார்போகரிசி. உண்மையில் இது குற்றால மலையின் சரக்கு அன்று. சமவெளியில், வேலியோரத்திலும் தரிசிலும் தானே முளைத்துக் கிடக்கும் செடியின் விதை. மலையடிவாரத்தில் விற்கும்போது மலையின் மகிமையும் அதன்மேல் ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். நம் வீட்டுப் பெண்கள் இதைக் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூவோடு சேர்த்துக் குளியல் பொடிக்கு அரைப்பார்கள்.

ஆனால் இந்த விதையைத் தனியாகக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. கடை வாசலில் காது கொடுத்தால் இம்மாதிரிப் பேச்சு விழும்:

"வெண்புள்ளிக்குத்தானே கேக்கிய? அரைச்சுத் தடவிட்டு, காலையில இளவெயில்ல காட்டச் சொல்லுங்க."

"எவ்வளவு நேரம் அண்ணாச்சி?"

"கொஞ்ச நேரம்."

"கொஞ்சம்னா?"

"ஒடம்பு தாங்குற வரைக்கும்."

இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் 'கொஞ்ச நேர'த்தைப் பற்றியதுதான்.

குஷ்டம் என்ற பழி

வருஷந்தோறும் ஜூன் 25-ம் தேதியை உலக வெண்புள்ளி தினமாக அனுசரிக்கிறார்கள். 2011-ம் வருஷம் தொடங்கிய வழக்கம் இது. நம் பக்கத்துக் கணக்கில் சாரல் காலத்தின் தொடக்கம். உலகத்தில் 200 பேருக்கு ஒருவர் வீதமாவது இந்தப் புள்ளி இருக்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 2019-ம் வருஷம் தனி ஜில்லாவான தென்காசியில், 2011 ஜனக் கணக்குப்படி சுமார் 14 லட்சம் பேர். அந்த வீதத்தை இங்கே பொருத்திப் பார்த்தால் ஏழாயிரம் பேர் ஆகிறது. ஏழாயிரம் குடும்பங்களில் ஒரு பெண்ணின் கல்யாணமோ, ஒரு பையனின் வேலையோ இந்த வெள்ளைத் திட்டின் காரணமாகத் தயங்கி நின்றிருக்கும்.

நாம் அதற்கு இட்டிருந்த பெயரே பாதிக் கேடு செய்தது. 'வெண்குஷ்டம்' என்றார்கள். குஷ்டத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குஷ்டம் ஒரு கிருமியால் வருவது. நார்வே தேசத்து ஹான்ஸன் அதை 1873-ம் வருஷமே கண்டு சொன்னார். வெண்புள்ளி கிருமியால் வருவதன்று. தோலுக்குக் கறுப்பு நிறம் கொடுக்கும் உயிரணுக்களை உடம்பின் காவல் படையே பகையென்று எண்ணித் தாக்கிவிடுகிறது. அவை மடிந்த இடம் வெளுத்துப் போகிறது. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்று பாட்டிமார் சொல்வதற்கும் ஆதாரம் கிடையாது. ஒரு வித்தியாசத்தை மட்டும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். வெண்புள்ளியில் உணர்ச்சி இருக்கும். வெளிறிய திட்டில் கிள்ளினாலும் உணர்ச்சி இல்லையென்றால் அது வேறு விவகாரம். உடனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குஷ்டத்துக்கு இன்று கூட்டு மருந்து இலவசமாகக் கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள்.

நைல் நதியோரம் ஒரு களை

கார்போகரிசிக்கும் வெண்புள்ளிக்கும் உள்ள சம்பந்தம் வெறும் நம்பிக்கையா? இல்லை. நம் வைத்தியர்கள் மிகப் பழங்காலத்திலிருந்தே இதைக் கையாண்டிருக்கிறார்கள். மருந்தைத் தடவியபின் வெயிலில் நிற்கச் சொன்னதுதான் அவர்களுடைய அனுபவத்தின் சாரம். அதே யுக்தி கடல் கடந்து எகிப்திலும் இருந்தது. நைல் நதிக்கரையில் கொத்தமல்லி இனத்தைச் சேர்ந்த ஒரு களை முளைக்கும். அதன் விதையைத் தின்றுவிட்டு வெயிலில் உட்காரும் பழக்கத்தை 13-ம் நூற்றாண்டிலேயே இபின் அல் பைத்தார் என்ற அரபு வைத்தியர் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு தேசம், இரண்டு செடி, சிகிச்சை ஒன்றே!

நவீன இரசாயனம் இதைத் திறந்து பார்த்தது சென்ற நூற்றாண்டில். கார்போகரிசியைப் பகுத்து அதிலிருந்து ஒரு வஸ்துவைப் பிரித்து, 1933-ம் வருஷம் இந்திய இரசாயனக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டவர்கள் ஜோயிஸ், மஞ்சுநாத், வேங்கடராவ் என்ற நம் நாட்டு விஞ்ஞானிகள். அந்த வஸ்துவுக்கு 'ஸொராலென்' என்று பெயர். 1947-ம் வருஷம் எகிப்தியர்கள் தங்கள் களையிலிருந்து இதன் தம்பி போன்ற ஒரு வஸ்துவைப் பிரித்தார்கள். கெய்ரோ நகரத்துச் சரும வைத்தியர் எல் மோஃப்டி அதை வெண்புள்ளிக்காரர்களுக்குக் கொடுத்து, வெயிலில் வைத்து, நிறம் திரும்புவதைக் கண்டார். பிறகு 1974-ம் வருஷம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வைத்தியர்கள், வெயிலுக்குப் பதிலாக விளக்குகளை வைத்து, சோரியாஸிஸ் என்ற செதில் நோய்க்கு இதைப் பயன்படுத்தி வெற்றி பெற்றார்கள். மருந்தும் புற ஊதா ஒளியும் சேர்ந்த இந்தச் சிகிச்சைக்கு 'புவா' என்று சுருக்கப் பெயர். மூலிகைக் கடையிலும் நதிக்கரையிலும் கிடந்த அறிவு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கதை இது.

இருட்டில் உறங்கும் மருந்து

சாதாரண மருந்து வயிற்றுக்குள் போனவுடன் வேலையை ஆரம்பித்துவிடும். ஸொராலென் அப்படியன்று. இருட்டறையில் இருக்கிறவன் உடம்பில் அது கிட்டத்தட்டச் சும்மா கிடக்கும். அதன் மூலக்கூறு தட்டையானது; மூன்று வளையங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியது போன்ற அமைப்பு. உயிரணுவுக்குள் டி.என்.ஏ. என்னும் முறுக்கேணி இருக்கிறதல்லவா, அதன் இரண்டு படிகளுக்கு இடையே இந்தத் தட்டை வஸ்து சீட்டுக்கட்டில் ஒரு சீட்டைச் செருகினாற்போல் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். அதுவரை ஒன்றும் நேராது.

அப்போது வெயில் படுகிறது. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. அவற்றில் நீண்ட அலை கொண்ட பகுதியை ஸொராலென் விழுங்குகிறது. விழுங்கிய மாத்திரத்தில் உக்கிரம் கொண்டு, ஏணியின் படியை இறுகப் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு கதிர் பட்டால் மறுபக்கத்தையும் பிடித்துக்கொண்டு, ஏணியின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. பூட்டிய ஏணியைப் பிரிக்க முடியாது. பிரிக்காமல் உயிரணு பெருக முடியாது. செதில் நோயில் தோல் அணுக்கள் தறிகெட்டுப் பெருகுவதால் அங்கே இந்தப் பூட்டு நன்மை. வெண்புள்ளியில் வேறொன்று நடக்கிறது. தாக்க வந்த காவல் அணுக்கள் அடங்குகின்றன. மயிர்க்காலின் ஆழத்தில் ஒளிந்து பிழைத்திருந்த நிற அணுக்கள் தூண்டப்பட்டு மேலே ஏறி வருகின்றன. ஆகவே நிறம் திரும்பும்போது வெள்ளைத் திட்டின் நடுவே, ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும், எள் தெளித்தாற்போல் கறுப்புப் புள்ளி தோன்றும். விரல் நுனி, உதடு போன்ற மயிரில்லாத இடங்கள் இலேசில் வசப்படாததற்கும் காரணம் இதுவே.

ஆக, இந்தச் சிகிச்சையில் ஒரு மருந்துக்கு இரண்டு அளவுகள் இருக்கின்றன. விதை எவ்வளவு என்பது ஓர் அளவு. வெயில் எவ்வளவு என்பது இன்னோர் அளவு. முதல் அளவைத் தராசில் நிறுக்கலாம். இரண்டாவது அளவுக்குக் கடைத்தெருவில் தராசு ஏது?

மூன்றாம் நாள் தெரியும் புண்

இங்கேதான் அபாயம் இருக்கிறது. சாதாரண வெயில் சூடு அன்று மாலையே சிவந்து எரிந்து நம்மை எச்சரித்துவிடும். ஸொராலென் பட்ட தோல் அப்படி எச்சரிக்காது. அதன் சிவப்பு உச்சத்துக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். கார்போகரிசியை அரைத்துப் பூசி முதல் நாள் அரைமணி வெயிலில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. "நமக்கு ஒத்துக்கொண்டது" என்று இரண்டாம் நாள் ஒரு மணி நிற்பார். மூன்றாம் நாள் காலையில் கொப்புளம் கிளம்பும்போது, அவர் மேலே இரண்டு நாள் வெயிலின் கணக்கு ஏறியிருக்கும். "உடம்பு தாங்குகிற வரைக்கும்" என்ற யோசனை இந்த மருந்துக்கு மட்டும் பலிக்காது. தாங்கியதா இல்லையா என்று உடம்பு சொல்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது. கொப்புளித்து ஆறிய இடத்தில் வெண்புள்ளி இன்னும் பரவிவிடுவதும் உண்டு.

எலுமிச்சம்பழத்தில் சிறிய அளவில் இந்தக் கூத்தைப் பார்க்கலாம். அதன் தோலிலும் ஸொராலென் குடும்பத்து வஸ்துக்கள் உண்டு. முகத்தில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் அலைந்தவர்களுக்குக் கன்னத்தில் கறுப்புத் தழும்பு விழுவது இதனால்தான். நலங்கு மாவில் கலந்த ஒரு பிடி கார்போகரிசியைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். அது பல சரக்கோடு நீர்த்து, உடனே கழுவப்பட்டும் போகிறது. தனியாக அரைத்துப் பூசி, கழுவாமல் வெயிலில் நிற்பது வேறு.

இன்னொரு விஷயம் குற்றாலத்துக்கென்றே சொல்ல வேண்டியது. சாரல் காலத்தில் சூரியனைக் காண்பதே அரிது; ஆகையால் வெயிலின் பயம் இல்லை என்று தோன்றும். மெல்லிய மேகத்தை இந்தக் கதிர்கள் பெரும்பாலும் ஊடுருவி வந்துவிடும். அடர்ந்த மேகங்கூட அவற்றை அடியோடு தடுப்பதில்லை. பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியையும் தாண்டும். புவா மாத்திரை விழுங்கியவர்களை அன்று முழுவதும் கறுப்புக் கண்ணாடி அணியச் சொல்வதும், வெயிலில் திரியாதே என்று சொல்வதும் இதற்காகவே. மாத்திரையைப் போட்டுக்கொண்டு தென்காசியிலிருந்து ஐந்தருவிக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால், மேகமூட்டம் அவருக்குக் குடையாகாது.

ஆஸ்பத்திரியில் இதை எப்படிச் செய்கிறார்கள்? மாத்திரை என்றால் உடல் எடைக்குத் தக்கபடி. தடவும் மருந்து என்றால் மிகவும் நீர்க்கச் செய்து. விளக்கின் ஒளியைக் கருவி வைத்து அளக்கிறார்கள். முதல் நாள் மிகச் சொற்ப ஒளி. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை மட்டும். இடையில் ஒரு நாளாவது விட்டு, சிவப்பு தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த படி. இப்படி மாதக் கணக்கில் போக வேண்டும். இத்தனை ஜாக்கிரதையாகச் செய்தும் குறை இல்லாமல் இல்லை. நூற்றுக்கணக்கான முறை புவா எடுத்துக்கொண்ட வெள்ளைக்காரர்களுக்குப் பல வருஷம் கழித்துத் தோல் புற்று அதிகம் வந்ததை அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. 1997-ம் வருஷம் ஹாலந்து வைத்தியர்கள், ஸொராலெனே இல்லாமல் 311 நானோமீட்டர் அலையுள்ள குறுகிய ஒளி ஒன்றினாலேயே வெண்புள்ளிக்கு நல்ல பலன் கிடைக்கிறது என்று காட்டினார்கள். இன்று பெரும்பாலும் அந்த விளக்குதான் புவாவின் இடத்தைப் பிடித்திருக்கிறது. விதை காட்டிய வழியில் போய், கடைசியில் விதையையே விட்டுவிட்டார்கள் என்றும் சொல்லலாம்.

நாகரிகம் கண்டெடுத்த கார்போகரிசி

ஆஸ்பத்திரி கைவிட்ட நேரத்தில் அழகு சாதன வியாபாரம் இதே விதையைக் கையிலெடுத்திருக்கிறது. 1966-ம் வருஷம் நம் விஞ்ஞானிகளே இந்த விதையிலிருந்து இன்னொரு வஸ்துவைப் பிரித்து, 'பாகுசி' என்ற சமஸ்கிருதப் பெயரை ஒட்டி அதற்கு 'பாகுசியால்' என்று பெயர் வைத்தார்கள். முகச் சுருக்கத்துக்கு நல்லது என்று இப்போது உலகமெங்கும் சீசா சீசாவாக விற்கிறது. 44 பேரை வைத்து 12 வாரம் நடத்திய ஒரு பரிசோதனை 2018-ம் வருஷம் வெளிவந்தது. வைட்டமின் 'ஏ' இனத்தைச் சேர்ந்த ரெட்டினாலுக்கு இது இளைத்ததன்று என்று அதில் கண்டார்கள்.

ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஆனால் பாகுசியாலும் ஸொராலெனும் ஒரு விதையில் பிறந்த இரண்டு வேறு வஸ்துக்கள். ஒன்று வெயிலைக் கண்டு விழிப்பதில்லை, மற்றது விழிக்கும். சுத்தமாகப் பிரித்த பாகுசியாலுக்கும், விதையை அப்படியே ஆட்டி எடுத்த 'பாவஞ்சி எண்ணெ'ய்க்கும் பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், டெலிபோனில் படத்தைப் பார்த்து வாங்குகிற பெண்ணுக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? இரண்டாவது சீசாவை முகத்தில் தடவிக்கொண்டு கல்லூரிக்கு நடந்து போனால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். விதையைத் தூளாக்கி உள்ளுக்குச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டுப்போனவர்களைப் பற்றியும் வைத்தியப் பத்திரிகைகளில் செய்தி வந்திருக்கிறது.

ஒளியால் திறக்கும் மற்றப் பூட்டுகள்

ஒளி பட்டால் உருமாறும் மூலக்கூறுகளைப் பிடித்து உடம்பை ஆளும் வித்தை இந்த ஒரு விதையோடு நிற்கவில்லை. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் கண்டால் ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ்ப் படுக்க வைக்கிறார்களே, அதுவும் இதே ஜாதி. இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் வார்டு என்ற நர்ஸ் அம்மாள் 1956-ம் வருஷம் குழந்தைகளை வெளியே வெயிலில் கொண்டுபோய் வைப்பது வழக்கம். ஒரு குழந்தைக்கு உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்து, துணியின் மூலை மூடியிருந்த இடத்தில் மட்டும் முக்கோணமாக மஞ்சள் நின்றதை அவர்தாம் டாக்டர்களுக்குக் காட்டினார். 1958-ம் வருஷம் ஆராய்ச்சி வெளிவந்தது. மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் என்ற வஸ்து, ஒளி பட்டதும் வளைந்து உருமாறித் தண்ணீரில் கரையும் தன்மை பெறுகிறது. குழந்தையின் முதிராத கல்லீரலின் உதவி இல்லாமலே வெளியேறிவிடுகிறது. இங்கும் அளவுதான் பிரதானம். மஞ்சள் முற்றிய குழந்தையை வாசலில் இளவெயிலில் காட்டிக்கொண்டு நாளைக் கடத்தினால் மூளைக்கே கேடு வரலாம். விளக்கின் ஒளியை அளக்கலாம்; வாசல் வெயிலை அளக்க முடியாது.

1980-களில் அமெரிக்க வைத்தியர்கள் ஸொராலெனுக்கே புது உத்தியோகம் கொடுத்தார்கள். ஒருவகை இரத்தப் புற்று தோலில் தங்கும்போது, நோயாளியின் இரத்தத்தில் ஒரு பகுதியை வெளியே எடுத்து, மருந்து சேர்த்து, ஒளியில் காட்டி மறுபடியும் உடம்புக்குள் செலுத்துகிறார்கள். உடம்பு வெயிலைப் பார்ப்பதே இல்லை. 2021-ம் வருஷம் இன்னும் விந்தையான செய்தி வந்தது. குளத்துப் பாசி ஒளியை நோக்கி நீந்துவதற்குக் காரணமான புரதங்கள் சில உண்டு. அந்த வகைப் புரதம் ஒன்றுக்கான கட்டளையை, பார்வை போன ஓர் ஐரோப்பியரின் கண்ணுக்குள் செலுத்தினார்கள். விசேஷக் கண்ணாடி அணிந்தபோது, மேஜைமேல் இருந்த சாமானை அவர் தொட்டுக் காட்டினார், எண்ணியும் சொன்னார். முழுப் பார்வை வந்துவிடவில்லை. ஆனால் அந்த இருட்டில் அது பெரிய காரியந்தான்.

பாளையங்கோட்டையில் இரண்டு கல்லூரிகள்

குற்றாலத்துக் கடைக்காரர்மீது குற்றம் சுமத்தி என்ன பிரயோஜனம்? பாட்டன் சொன்னதை அவர் சொல்கிறார். "இத்தனை நாளில் நிச்சயம் குணம்" என்று போர்டு எழுதி வைப்பதும், டெலிபோனில் படம் பிடித்துப் பரப்புவதுமே சட்டத்துக்கு விரோதம். 1954-ம் வருஷத்து மருந்து விளம்பரச் சட்டத்தில், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் ஜாபிதாவில் வெண்புள்ளியும் இருக்கிறது. எழுபது வருஷமாகச் சட்டம் இருக்கிறது, விளம்பரமும் இருக்கிறது!

தேவைப்படுவது அளவு. விளைந்த இடம், காய்ந்த விதம், பழமை இவற்றைப் பொறுத்து விதைக்கு விதை ஸொராலென் மாறும். இதைப் படித்து முறையாகக் கையாளும் சித்த வைத்தியர்கள், விதையைச் சுத்தி செய்து, ஆளைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். தென்காசியிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் பிரயாணத்தில் பாளையங்கோட்டை. அங்கே 1964-ல் தொடங்கிய அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அடுத்த வருஷமே தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் அதே ஊரில் இருக்கிறது. விதையை அறிந்தவர்கள் ஒரு கட்டடத்தில், ஒளியை அறிந்தவர்கள் இன்னொரு கட்டடத்தில். சீசன் கடைகளில் விற்கும் கார்போகரிசியில் ஒரு படி வாங்கி, அதில் ஸொராலென் எவ்வளவு என்று இருவரும் சேர்ந்து அளந்து, தமிழில் ஒரு துண்டுத்தாள் அச்சிட்டுக் கடைக்குக் கடை ஒட்டச் செய்யலாம். பெரிய செலவு ஒன்றும் பிடிக்காது.

அதுவரை, உடம்பில் வெள்ளைத் திட்டு கண்டவர்கள் முதலில் சர்க்கார் ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் காட்டி, வந்திருப்பது இன்னதென்று தெரிந்துகொள்வது உத்தமம். ஏற்கெனவே விதையை அரைத்துப் பூசி வருகிறவர்கள் டாக்டரிடம் அதை மறைக்க வேண்டாம். தெரியாமல் அவர் விளக்கு வைத்தால் இரண்டும் சேர்ந்து சுட்டுவிடும். புரட்டாசியில் சாரல் நின்று, தென்காசி வீதிகளில் மறுபடி நல்ல வெயில் அடிக்கும். ஆனியில் வாங்கிப் போன பொட்டலங்கள் அப்போதும் வீட்டு அலமாரிகளில் பாதி தீராமல் இருக்கும்.